அழகையாவின் அண்டாவும் சிவப்புக் கோடும்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தேநீர்க் கடையில் அந்த வருடம் இரண்டே பேச்சுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, பச்சைத் தேயிலை விலை இன்னும் எவ்வளவு கீழே போகும் என்பது. இன்னொன்று, அழகையா கரடி வளர்க்கிறார் என்பது. முதல் பேச்சில் எல்லோரும் ஒரே கட்சி. போகும், இன்னும் போகும். இரண்டாவதில்தான் ஆளுக்கொரு கட்சி. கரடிக்குத் தட்டில் சோறு போட்டு ரசமும் ஊற்றுகிறார் என்றது ஒரு கட்சி. ஜெகதளாவிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்திருந்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "பூண்டு ரசம் வெச்ச அன்னிக்கு அது மறுசோறு கேக்குதாமுங்க" என்றார். எந்த மொழியில் கேட்டது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கொழுந்துக்கு விலை இல்லாத காலத்தில் இந்த மாதிரிச் சேதிக்காவது நல்ல விலை கிடைத்தது.

உண்மை என்ன என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் ஒரு வளைவில் இறங்கி, செடிகளுக்கு நடுவே சறுக்குவதும் நடப்பதுமாகக் கீழே போக வேண்டும். அங்கே ஒரு லயம். ஓட்டுக்கூரை போட்ட ஒரே நீளக் கட்டடம், குறுக்கே சுவர் வைத்துச் சின்னச் சின்னக் காம்பராக்கள். கடைசிக் காம்பரா அழகையாவுடையது. உள்ளே எட்டிப் பார்த்தால் கரடி இல்லை. இருக்க இடமும் இல்லை. இருந்த இடத்தையெல்லாம் ஓர் அண்டா அடைத்துக்கொண்டிருந்தது.

அண்டாவிலிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும். அழகையாவும் அப்படித்தான் தொடங்குவார்.

அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். மீசை முளைத்த வயதில் கப்பலேறி மண்டபம் வந்து, அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி, இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். எஸ்டேட் ஃபேக்டரியின் கேன்டீனில் காய் நறுக்கப் போனவர் அங்கேயே தலைமைச் சமையல்காரராக நரைத்தார். சீசனில் கொழுந்து குவியும்போது ஃபேக்டரி இரவும் பகலும் ஓடும். எந்த நேரத்தில் எத்தனை பேர் பசியோடு வருவார்கள் என்று மேனேஜருக்கே தெரியாது. அழகையாவுக்கு மட்டும் ஒன்று தெரியும். கடைசியாக வருகிற ஆளுக்கும் அண்டாவில் சோறு இருக்க வேண்டும். அடி தெரிகிற அண்டாவை அவர் வாழ்நாளில் யாருக்கும் காட்டியதில்லை. "கரண்டி அடியில தட்டுற சத்தம் சாப்பிட வந்தவன் காதுல விழப்புடாது" என்பது அவருடைய ஒரே கொள்கை.

பிறகு தேயிலை விழுந்தது. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு பாதியில் பாதி. கேன்டீனை மூடினார்கள். மூடிய அன்று ஃபீல்டு ஆபீசர் மனோகரன் நாலு வார்த்தை பேசிவிட்டு, போர்த்தச் சால்வை வாங்கும் நிலையில் கம்பெனி இல்லை என்பதால், "இந்த அண்டாவை எடுத்துட்டுப் போயிருங்க அழகையா, இங்க கெடந்தா துருப் புடிச்சுப் போகுமுங்க" என்றார். அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்ல அழகையாவுக்குத் தோன்றவில்லை. கண் கலங்கியிருந்தார்.

வீட்டில் அவரும் மனைவி கருப்பம்மாளும் மட்டும். ஒரே மகள் கட்டிக்கொடுத்துத் திருப்பூர் போய்விட்டாள். கருப்பம்மாள் கொழுந்து எடுக்கப் போவாள், வேலை இருக்கிற நாள்களில். அந்த நாள்களும் குறைந்துகொண்டே வந்தன. அதுவரை அவள்தான் வீட்டில் சமைத்துவந்தாள். பால்மாவு டப்பா ஒன்றைச் 'சுண்டு' என்று பெயர் சொல்லி அளவாக வைத்திருந்தாள். இரண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி, யாராவது வந்தால் ஒன்றரை. சும்மா இருக்கிற மனுசன் சமைக்கட்டுமே என்று அடுப்பை அவரிடம் ஒப்படைத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை அது என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அழகையாவின் கைக்குச் சுண்டு பிடிபடவில்லை. டப்பாவைக் கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஒன்று போட்டால் பானை காலியாகத் தெரிந்தது. இன்னொன்று போட்டார். யாராவது வந்தால் என்று இன்னொன்று. வந்தவர்கூட ஒருவர் வந்தால் என்று மற்றொன்று. முதல் நாள் அந்தி வேலைவிட்டு வந்த கருப்பம்மாள் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"யாரு வர்றாங்க?"

"யாரும் வரல்லையே."

"பின்ன இவ்வளவு சோறு?"

"கொறச்சித்தான் போட்டேன் புள்ள" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

மிஞ்சிய சோறு மறுநாள் தண்ணீர்ச் சோறானது. அதற்கும் மிஞ்சியது லயத்துக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழிக்குப் போனது. குழம்பு போனது, கூட்டு போனது. ரேஷன் அரிசி மாதம் முடியும் முன்பே தீர்ந்தது. தேயிலைக்குள் எங்கோ இருந்த ஒரு கரடிக்கு இந்தச் சேதி எப்படி எட்டியது என்பது தெரியவில்லை. ஒரு விடியலில் வேலைக்குக் கிளம்பிய பெண்கள், குழிக்குள் தலையை விட்டு அது கவனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள். அவர்கள் திரும்பி ஓடினார்கள். அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அழகையாவின் கைப்பக்குவத்துக்கு அந்த வருடத்தில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

வளர்க்கிறார் என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. ஆக, அது பாதி உண்மை. சோறு அவருடையது, எண்ணம் அவருடையது இல்லை.

மனோகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். கோயமுத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாத ஆள். அதனாலேயே அவர் கோபம் கொஞ்சம் கூடுதலாகப் பயமுறுத்தும்.

"ஏனுங்க அழகையா, கரடி உங்க குழிக்குத்தான் வருதுன்னு லைன்ல அத்தனை பேரும் சொல்றாங்க. நாளைக்கு ஒரு பொம்பளையைக் கிழிச்சுப் போட்டா யாருங்க பதில் சொல்றது?"

"இனி வராதுங்கய்யா."

"வராதுன்னு கரடி சொல்லுச்சுங்களா?" என்றவர் குரலைத் தணித்தார். "கேன்டீனே இல்ல. கேன்டீன் ஆளுக்குக் குடுத்த ஊடு மட்டும் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. இந்த லைனைப் பூசி வெள்ளையடிச்சு டூரிஸ்ட்டுக்கு விடலாம்னு ஒரு பேச்சு இருக்குது. மறுக்கா கரடி வந்து உங்க சோத்தைத் தின்னுதுன்னா, உங்க ஊட்டைத்தான் மொதல்ல காலி பண்ணச் சொல்லுவாங்க. நானா சொல்லலீங்க, எனக்கு மேல இருக்கறவங்க."

சொல்லிவிட்டு, தூக்கில் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொண்டு போனார். கேன்டீன் காலத்துப் பழக்கம்.

காம்பரா போனால் போக இடமில்லை. திருப்பூரில் மகளுக்கும் மருமகனுக்கும் இருப்பதே ஒரே அறை. கருப்பம்மாள் அன்றைக்கு ஒன்றுதான் சொன்னாள். "இந்தாங்க, அந்தச் சுண்ட ஒரு தடவைக்கு மேல தொட்டீங்க, கரடிக்கு முந்தி நான் போயிருவேன்." அழகையா ஒரு தடவைதான் தொட்டார். அன்று சோறு வடித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமியதைக் கேட்டதும், பசியோடு இருமுகிறார்களோ என்று எழுந்து போய் இன்னொரு உலை வைத்தார்.

இப்படியிருக்கும்போது மஞ்சு வந்தாள். கோவையில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனம். வீடுகளில் சோறு வீணாவதைக் குறைக்கத் திட்டம் வைத்திருந்தார்கள். மனிதர்களைத் திருத்த முடியாது, பாத்திரங்களைத் திருத்தினால் மனிதர்கள் தானாகத் திருந்துவார்கள் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. சின்னக் கரண்டி, சின்னத் தட்டு, பானைக்குள் அளவுக் கோடு. லயம் முழுக்கத் தேடி, திருத்த வேண்டிய பானை அழகையா வீட்டில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தாள். நல்ல பெண். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, பானையின் உள்பக்கம் அரைவாசி உயரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு ஒரு தட்டைக் கொடுத்தாள். அதன் விளிம்பில் 'முதலில் என்னைச் சாப்பிடுங்கள்' என்று எழுதியிருந்தது.

"மிச்சம் இருக்கறதை இந்தத் தட்டுல வெச்சிருங்க சார். அதைச் சாப்பிட்டுட்டுத்தான் புதுசைத் தொடணும். அவ்வளவுதான்."

அழகையா எழுதியிருப்பதை மதிக்கிறவர். மிச்சத்தைத் தட்டில் வைத்தார். மறுநாள் முதலில் அதைச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்துவிட்டது. அன்று வடித்த புதுச் சோறு அப்படியே மிஞ்சி, முறைப்படி தட்டுக்குப் போனது. அதற்கடுத்த நாளும் தட்டிலிருந்து தொடங்கினார்கள். அதன்பின் அந்த வீட்டில் யாரும் சூடான சோற்றைத் தின்றதே இல்லை. கருப்பம்மாளுக்கு இதில் எங்கே தவறு நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. "நேத்தையச் சோறு இன்னைக்கி, இன்னையச் சோறு நாளைக்கி. நாம எப்பங்க இந்த நாளுக்கு வந்து சேர்றது?" என்று ஒரு நாள் கேட்டாள். அழகையா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

கோட்டின் கதை வேறு. சில வாரம் கழித்துத் திரும்பி வந்த மஞ்சு பானையைத் திறந்து பார்த்தாள். கோட்டைக் காணோம். கோட்டுக்கு மேலே நல்ல உயரத்துக்குச் சோறு நின்றது.

"சார், கோடு?"

"உள்ளுக்கு இருக்குதும்மா. நீங்க சொன்னதுல இருந்து ஒரு நாளும் அதுக்குக் கீழ போக விட்டதில்ல."

கேன்டீன் டீ பாய்லரில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பாய்லர் வெடிக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாள் அவருக்குச் சொன்ன முதல் பாடம் அது. அத்தனை வருடமும் தூங்கும்போதுகூட அந்தக் கோட்டில் ஒரு கண் வைத்திருந்தவர் அவர். மஞ்சு பானையில் கோடு இழுத்தபோது, சமையல் தெரிந்த பெண்தான் என்று மனதுக்குள் பாராட்டியிருந்தார்.

"இது பாய்லர் இல்லைங்க சார்."

"தெரியிதும்மா. ஆனா செவப்புக் கோடு செவப்புக் கோடுதானே?"

மஞ்சு பானையை மூடினாள். பச்சைப் பெயின்ட் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் போன பின்பு, சோற்றைக் கோட்டுக்குக் கீழே நிறுத்த வேண்டுமென்று அழகையா மனதாரத்தான் முயன்றார். அரிசியைக் குறைத்துப் போட்டுவிட்டு, பானை வெடிக்கிற மாதிரிக் கனவு கண்டு, விடியலில் எழுந்து தண்ணீர் ஊற்றி வைத்தார்.

குழிக்கும் போகக் கூடாது, பானையிலும் குறையக் கூடாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. பக்கத்துக் காம்பராக்களுக்குக் கொடுத்தார். கிண்ணத்தில் கூட்டு, சட்டியில் சோறு, தூக்கில் ரசம். வாங்கியவர்கள் மறுக்கவில்லை. எல்லா வீட்டிலும் வேலை குறைந்திருந்தது. குழி காய்ந்தது. கரடியைக் கொஞ்ச நாள் காணவில்லை. அழகையா லயத்து வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

ஆனால் வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த லயத்தில் இல்லை. கொஞ்சம் சர்க்கரையாவது, ஒரு கொத்துக் கருவேப்பிலையாவது உள்ளே இருக்க வேண்டும். வெறும் பாத்திரம் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். முதலில் தேங்காய்ச் சம்பல் வந்தது, ரொட்டி வந்தது. பிறகு மேரக்காய் வந்தது, கீழே சமவெளியில் சௌசௌ என்கிற காய். அதற்கப்புறம் மேரக்காய் மட்டுமே வந்தது. ஒவ்வொரு காம்பராவின் பின்னாலும் ஒரு மேரக்காய்க் கொடி. தேயிலை விலையைப் பார்த்துக் காய்ப்பதை நிறுத்தாத ஒரே பயிர் அந்த மலையில் அதுதான். ஒரு கிண்ணம் போனால் மூன்று மேரக்காயோடு திரும்பியது. அதைச் சமைக்காமல் விட முடியுமா? சமைத்தார். மிஞ்சியது. கொடுத்தார். இன்னும் மேரக்காய் வந்தது. கொடுக்கக் கொடுக்க வீட்டில் சாப்பாடு பெருகியது.

"இது என்னா கணக்குங்க?" என்றாள் கருப்பம்மாள், மேரக்காய்க் குவியலுக்கு நடுவே நின்று.

"எனக்கும் வெளங்கல்ல புள்ள."

அடுத்து நடந்தது இன்னும் விளங்கவில்லை. பாத்திரங்கள் திரும்பி வருவது நின்றுபோனது. முதலில் ஒரு கிண்ணம் வரவில்லை. பிறகு சட்டி. பிறகு சிவப்புக் கோடு போட்ட பானையும் குழம்போடு போனது போனதுதான். சமைக்க வேறு பாத்திரம் இல்லாமல், அழகையா ஒரு நாள் அண்டாவை நகர்த்தி அடுப்பில் ஏற்றினார். அண்டாவில் இரண்டு பேருக்குச் சமைப்பது எப்படி? அடியைக்கூட மறைக்காது. அடி தெரியாமல் இருக்க எவ்வளவு போட வேண்டுமோ அவ்வளவு போட்டார். கொடுத்துவிட ஏனம் இல்லாததால் மிச்சம் முழுவதும் குழிக்குப் போனது. இரண்டாம் நாள் விடியலில், சொல்லி வைத்தது போல் கரடி வந்து நின்றது.

மனோகரன் வந்தார். இந்தத் தடவை ரசம் கேட்கவில்லை. "திங்கக்கெழமை கோயமுத்தூர்ல இருந்து கம்பெனி ஆள் வர்றாருங்க. லைனைப் பாக்கறதுக்கு. குழியில ஒரு பருக்கை கெடந்துதுன்னாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. சாமானைக் கட்டி வெச்சிருங்க."

கட்டுவதற்குச் சாமானே இல்லையே என்பதுதான் அழகையாவுக்கு முதலில் தோன்றியது. எல்லாம் அக்கம்பக்கத்தில் கிடக்கிறது. கொடுத்தவனுடைய பாத்திரத்தையே அமுக்கிக்கொண்டார்களே என்று கோபம் வந்தது. நேரே அடுத்த காம்பராவுக்குப் போனார். இந்துமதியின் வீடு. அவள் புருஷன் கட்டட வேலைக்குக் கீழே மேட்டுப்பாளையம் போனவன், எப்போதாவது வருவான்.

"பானை எங்க புள்ள?"

"இருக்குது மாமா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

உள்ளே பார்த்தார். அலமாரித் தட்டில் அவருடைய பானை கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் கிண்ணம். பக்கத்தில் சட்டி. மூன்றும் சாம்பல் போட்டுத் துலக்கி, கேன்டீன் நாள்களில்கூட இல்லாத பளபளப்பில் இருந்தன. சிவப்புக் கோட்டைக்கூட யாரோ சுரண்டிப் பார்த்துவிட்டு, ஏதோ முக்கியமான கோடு என்று விட்டிருந்தார்கள்.

"பின்ன ஏன் குடுக்கல்ல?"

இந்துமதி கதவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "என்னத்தப் போட்டுக் குடுக்க மாமா? கொடியில இருந்ததும் முடிஞ்சிருச்சி. சீனி இல்ல. வெறும் பானையா தூக்கிட்டு வந்து நிக்கச் சொல்றீங்களா? நீங்களும் விடமாட்டேங்கிறீங்க. ஒண்ணு குடுக்கல்லேன்னு பாத்தா அடுத்தத நீட்டுறீங்க. ஒங்களப் பாத்தாலே பயமா இருக்குது."

தான் கொடுத்தது சோறு என்றுதான் அழகையா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாரத்தைக் கொண்டுபோய் இறக்கிவைத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும், அதில் தான் என்ன தப்புச் செய்தோம் என்பது மட்டும் பிடிபடவில்லை. "நான் ஒண்ணும் திருப்பிக் கேக்கல்லையே" என்றார்.

"நீங்க கேக்கல்ல. பானை கேக்குது."

பின்னாலேயே வந்திருந்த கருப்பம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "அரிசி இருக்குதா?" என்றாள் இந்துமதியிடம்.

"ரேசன் அரிசி இருக்குது அத்தை. அரிசிக்கென்னா. வெறகுதான் இல்ல, கூடச் சேர்த்துக்க ஒண்ணும் இல்ல."

"அப்ப அத குடு. சோத்தத் திருப்பிக் குடுக்க வேணாம். முன்னுக்கே அரிசியா குடுத்துரு. இவரு சோறா தருவாரு. பானை வரக்குள்ளயும் வெறும பானை இல்ல, போகக்குள்ளயும் வெறும பானை இல்ல."

இந்துமதி யோசித்தாள். பிறகு தன் கல்யாணச் சீரில் வந்த சின்னப் பித்தளைத் தூக்கை எடுத்தாள். பெயர் வெட்டிய தூக்கு. ஒரு சுண்டு அரிசியை அளந்து போட்டு, மூடி, அழகையா கையில் கொடுத்தாள். பானை, கிண்ணம், சட்டி எல்லாவற்றையும் கருப்பம்மாள் தூக்கிக்கொண்டாள்.

அந்தியில் மற்றக் காம்பராக்களுக்கும் சேதி போனது. பாத்திரங்கள் வரிசையாகத் திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு சுண்டு, இரண்டு சுண்டு அரிசி. சிலர் பருப்பு. யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் மேரக்காயும் வைத்திருந்தார். மறுநாள் காலை எல்லாவற்றையும் அண்டாவில் கொட்டியபோது, பல மாதங்களில் முதல் தடவையாக அழகையாவின் கை தானாக வேலை செய்தது. தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எப்போது கிளற வேண்டும் என்று எதையும் யோசிக்கவில்லை. ஒரே அடுப்பு, ஒரே விறகு. பகலில் ஆளாளுக்குத் தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். மஞ்சு கொடுத்த தட்டோடு நின்றவள் கருப்பம்மாள். 'முதலில் என்னைச் சாப்பிடுங்கள்' என்பதைப் படித்துச் சிரிக்க ஆள் இருந்தது.

கடைசி ஆளுக்குப் போடும்போது கரண்டி அடியில் தட்டியது. 'ணங்' என்ற அந்தச் சத்தத்தில் அழகையா திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். யாரும் கோபப்படவில்லை. இந்துமதி அடியில் ஒட்டிக் கருகியிருந்த தீயலை வழித்துத் தரச் சொல்லிக் கேட்டாள்.

திங்கட்கிழமை வந்தது. விடியலில் கருப்பம்மாள் பின்பக்கம் போனாள். குழியில் ஒரு பருக்கை இல்லை. பருக்கைக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் பனியில் நனைந்த மண்ணில், பெரிய மனிதர் ஒருவர் செருப்பில்லாமல் நடந்தது போல் காலடிகள் இருந்தன. வழக்கம் மாறாமல் கரடி வந்திருக்கிறது. குழியைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறது. பிறகு மேலே ஏறிப் போயிருக்கிறது.

அழகையா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினார். "அழிச்சிருவோம் புள்ள. வந்ததுன்னா காலி பண்ணணும்னு சொன்னாங்கல்ல."

"வச்சிட்டு வாங்க. அது எங்க போயிருக்குன்னு பாப்போம்" என்றாள் அவள். பார்த்துவிட்டு வந்து, விளக்குமாற்றை அவர் கையிலிருந்து பிடுங்கித் தானே வைத்துக்கொண்டாள்.

கம்பெனி ஆள் பூட்ஸ் நனையாமல் கால் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். மனோகரன் குழியை எட்டிப் பார்த்தார்; முகம் தெளிந்தது. காலடியைப் பார்த்தார், முகம் விழுந்தது. "வந்திருக்குதுங்களே அழகையா" என்றார். குரலில் நிஜமான வருத்தம்.

"கரடி வந்தா காலி பண்ணணும், அதுதானே விதி?" என்றார் கம்பெனி ஆள்.

குழி காலி, ஆனால் கரடி வந்திருக்கிறது. ஜெயித்தோமா தோற்றோமா என்பதே அழகையாவுக்குப் புரியவில்லை.

கருப்பம்மாள் மெதுவாகச் சொன்னாள். "சோத்துக்கு வந்திச்சின்னாத்தானுங்க வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. இங்க சோறு இல்ல. அது சும்மா எட்டிப் பாத்துட்டு, சோறு இருக்கிற எடத்துக்குப் போயிருக்குது. வாங்க, காட்டுறேன்."

காலடிகள் படிக்கட்டைக் கடந்து, சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி, மனோகரனின் குவார்ட்டர்ஸுக்குப் பின்புறம் போய் நின்றன. ஞாயிற்றுக்கிழமை அங்கே பேத்திக்குக் காதுகுத்து. வேலிக்குப் பின்னால் வாழை இலைகள், இலைகளில் பாதிக்கு மேல் தொடாத பிரியாணி, கேசரி, அப்பளம். கரடி அதிலும் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்தது.

கம்பெனி ஆள் இலைகளைப் பார்த்தார், மனோகரனைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். "இப்ப யாருங்க காலி பண்ணணும்?" என்று கருப்பம்மாள் கேட்டாள். வம்புக்குக் கேட்டது போலவே இல்லை, விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. லயத்தைப் பார்ப்பது இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போனது. அந்த இன்னொரு நாள் இதுவரை வரவில்லை. கடைசிக் காம்பராவில் அழகையாதான் இருக்கிறார்.

தேநீர்க் கடையில் இப்போது பேச்சு மாறியிருக்கிறது. அழகையா கரடியை ஃபீல்டு ஆபீசருக்குக் கொடுத்துவிட்டாராம். ஓசிக்கா, விலைக்கா என்பதில் மட்டும் இரண்டு கட்சி.

மஞ்சு பச்சைப் பெயின்ட்டோடு வந்தாள். வீணாகிற சோறு எவ்வளவு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷமாகப் பானையைத் திறந்தாள். அது காலியாக அலமாரித் தட்டில் இருந்தது. அடுப்பில் அண்டா இருந்தது. குறைக்க வந்த இடத்தில் எல்லாம் பெருகி, வீணாவது மட்டும் எப்படி நின்றது என்று அவள் இரண்டு மூன்று விதமாகக் கேட்டாள். அழகையா இரண்டு மூன்று விதமாகச் சொன்னார். எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பெயின்ட்டை வைத்துவிட்டுப் போனாள், கதவுக்கு அடித்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அலமாரித் தட்டில் இந்துமதியின் பித்தளைத் தூக்கு கவிழ்த்து வைத்திருக்கிறது. அரிசியோடு அது வந்த மறுநாள், அவள் சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு போனாள். தூக்கு இங்கேயே தங்கிவிட்டது. அதை வெறுமையாகக் கொடுக்க முடியாது.

"ரெண்டு மேரக்காயப் போட்டுக் குடுங்களேன்" என்கிறாள் கருப்பம்மாள்.

"பேரு வெட்டின தூக்குக்கு மேரக்காயா? நான் சமையக்காரன் புள்ள. சமைச்சதுல ஏதாச்சும்தான் வைக்கணும்."

"அப்ப வைங்க."

"மிஞ்சினாத்தானே."

ஒவ்வொரு நாளும் பரிமாறி முடித்ததும் அவர் அண்டாவுக்குள் எட்டிப் பார்க்கிறார். அடி தெரிகிறது. இரண்டு பிடி அரிசி கூடப் போட்டால் தூக்கு நிறையும். ஆனால் கூடப் போட்டால், கை பழையபடி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதற்குள் வரிசையில் கடைசியாக நிற்கிற இந்துமதி கேட்டுவிடுகிறாள், "தீயல் இருக்குதா மாமா?" அவர் வழித்துப் போடுகிறார். ணங் என்கிறது கரண்டி.

தூக்கைத் துலக்கி, மறுபடியும் கவிழ்த்து வைக்கிறார்.